குளத்தில் மருந்து ஊற்றுமுன் சற்றுச் சிந்திப்போம்

நாம் வயலையும் வளவையும் நீருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். 1976ஆம் ஆண்டில் போவதென்ன நீர்த்தேக்கம் வந்த நாள் முதலாக அம்பன் கங்கைப் பள்ளத்தாக்கின் முகம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2017, 2018ஆம் ஆண்டுகளில் மொரகஹகந்தவிலும் களுகங்கையிலும் நீர் தேக்கப்பட்டபோது பழைய லக்கல பல்லேகம நகரமே நீருக்கடியில் போயிற்று. எம்மில் பலருக்குப் புதிய காணி கிடைத்தது. ஆனால் பழைய மண் கிடைக்கவில்லை. "வயல் போனால் என்ன, நீர் வந்திருக்கிறதே, மீன் வளர்த்துப் பிழைக்கலாம்" என்று எமக்குச் சொல்லப்பட்டது. அது பொய்யான ஆறுதல் அல்ல. நீர்த்தேக்க மீன் இன்று பல குடும்பங்களின் சோற்றுக்குக் கறியாகவும் கைச்செலவுக்குக் காசாகவும் இருக்கிறது.

எனினும் நெல்லைப் பற்றி எமக்குத் தெரிந்த அளவு மீனைப் பற்றித் தெரியாது. நெற்பயிர் மஞ்சளித்தால் எதனால் என்று எமது தந்தையர் சொல்வார்கள். மார்கழி மழைக்குப் பின் மீனின் உடலில் சிவந்த புண் கண்டால் யாரிடம் கேட்பது? ஆகவே எம்மவர் கடைக்கு ஓடுகிறார்கள். கோழிக்கு வாங்கும் மருந்தைக் குட்டையில் கரைத்து ஊற்றுகிறார்கள். சிலர் வீட்டில் மிஞ்சிய மாத்திரையைத் தூளாக்கித் தீனியில் கலக்கிறார்கள். மீன் பிழைத்தால் மருந்துக்குப் புகழ். செத்தால் விதியின் மேல் பழி.

இப்பழக்கம் பிழையானது என்பதே எமது கருத்து. மீனுக்கு இறைக்க வேண்டிய மருந்தைவிடச் சிறந்த காவல் ஒன்று மீனின் உடலிலேயே, பிறக்கும்போதே, இருக்கிறது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் எமது கைகளே.

காவல் எங்கே இருக்கிறது?

மீனைக் கையில் பிடித்தால் வழுக்குகிறது. அந்த வழுவழுப்பை நாம் அருவருப்போடு கழுவி விடுகிறோம். மீனுக்கோ அதுவே முதல் வேலி. அந்தக் கோழைப் படை ஓயாது சுரந்து, ஓயாது கழன்று போய்க்கொண்டிருக்கிறது. அதில் ஒட்டிய கிருமிகளும் அதனுடன் போகின்றன. அதற்குள் லைசோசைம் என்னும் நொதியம் உண்டு. அது பற்றீரியாவின் சுவரை அறுக்கும். கிருமியின் மேலுள்ள வெல்லப் பொருள்களைப் பற்றிப் பிடித்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் புரதங்களும் உண்டு.

வேலியைத் தாண்டிக் கிருமி உள்ளே வந்தால் இரத்தத்திலுள்ள நிரப்புப் புரதங்கள் அதன் மேல் படிந்து துளையிடுகின்றன. அதன் பின் வெண்குழியங்களில் ஒரு வகையான தின்குழியங்கள் வந்து விழுங்குகின்றன. கிருமியை விழுங்கும் இக்கலங்களின் தொழிலை முதலில் விளங்கிக்கொண்டவர் மெச்னிக்கோவ் என்னும் ரஷ்ய அறிஞர். 1882ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திரமீனின் சிறு குடம்பியில் ஒரு முள்ளைக் குத்திவிட்டு அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளைச் சுற்றிக் கலங்கள் வந்து கூடின. அதை வைத்து ஆராய்ந்தே 1908ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

கிருமி என்று எப்படித் தெரிகிறது?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நேற்றுப் பொரித்த குஞ்சு. அது முன்பு எந்த நோயையும் கண்டதில்லை. உள்ளே வந்தது கிருமி என்று அதன் கலத்துக்கு எப்படித் தெரிகிறது?

எமது கிராமத்தில் ஒருவர் புதிதாக வந்தால் அவர் பெயர் தெரியாவிட்டாலும் அயலார் என்பது நடையிலும் உடையிலும் தெரிந்துவிடும். மீனின் கலமும் அப்படியே செய்கிறது. அது ஒவ்வொரு கிருமியையும் பெயர் சொல்லி அறிவதில்லை. கிருமிகளுக்குப் பொதுவாக உள்ளவையும் மீனின் உடலில் ஒருபோதும் இல்லாதவையுமான சில அடையாளங்களை மட்டும் அறிகிறது. பற்றீரியாவின் வெளியுறையில் உள்ள, கொழுப்பும் வெல்லமும் சேர்ந்த பொருள் ஓர் அடையாளம். பற்றீரியா நீந்துவதற்குச் சுழற்றும் சவுக்குமுளையின் புரதம் இன்னொன்று. பங்கசின் சுவரிலுள்ள பீற்றா குளுக்கன் மற்றொன்று. வைரசு பெருகும்போது தோன்றும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. வேறொன்று. இவற்றை மாற்றிக்கொண்டால் கிருமியால் வாழ்வதே கடினம். ஆகவேதான் அவை நம்பத்தக்க அடையாளங்கள்.

இந்த அடையாளங்களைப் பிடிக்கும் வாங்கிகள் கலத்தின் மேலும் உள்ளும் அமைந்திருக்கின்றன. இப்படி ஒரு முறை இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜேன்வே எடுத்துரைத்தார். 1996இல் பிரான்சு நாட்டில் ஹொஃப்மன் குழுவினர் பழ ஈயில் டோல் என்னும் மரபணு இக்காவலுக்கு இன்றியமையாதது எனக் கண்டனர். 1998இல் அமெரிக்காவில் பொய்ட்லர் குழுவினர் எலியில் அதையொத்த வாங்கியைக் கண்டனர். இவ்விருவருக்கும் 2011ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஈயிலும் எலியிலும் எம்மிலும் மீனிலும் ஒரே குடும்பத்து வாங்கிகள் இருக்கின்றன என்பது வியப்புக்குரியது.

மனிதரில் டோல் வகை வாங்கிகள் 10 உண்டு. மீன்களிலோ ஏறக்குறைய 20 வகைகள் அறியப்பட்டுள்ளன. வைரசின் இரட்டை இழையைக் கலத்தின் மேற்பரப்பிலேயே கண்டுபிடிக்கும் ஒரு வாங்கி, மனிதரில் இல்லாதது, மீனில் இருக்கிறது. மறுபுறம், பற்றீரியாவின் வெளியுறைப் பொருள் சிறிதளவு எமது இரத்தத்தில் சேர்ந்தாலே காய்ச்சலும் அதிர்ச்சியும் வரும். மீன் அதைவிடப் பன்மடங்கைத் தாங்கும். பற்றீரியா நிறைந்த நீரையே மூச்சாகவும் வீடாகவும் கொண்ட உயிர் ஒவ்வொன்றுக்கும் பதறினால் எப்படி வாழ்வது?

இப்பிறவிக் காவலை நிர்ப்பீடனத்தின் முதற்படி என்பர். இரண்டாம் படியாகப் பிறபொருளெதிரிகள் உண்டாகும். அவை குறித்த ஒரு நோய்க்கே உரியவை. ஆனால் மீனில் அவை போதிய அளவு உண்டாக வாரக்கணக்கில் செல்லும். நீர் குளிர்ந்தால் இன்னும் தாமதமாகும். சிறு குஞ்சில் அந்த ஏற்பாடு முதிர்ந்திருப்பதுமில்லை. ஆகவே நாம் குளத்தில் விடும் விரலளவுக் குஞ்சின் உயிர் பெரும்பாலும் முதற்படியிலேயே தங்கியிருக்கிறது.

ஒரு நோய் தந்த பாடம்

இது வெறும் ஏட்டுப் படிப்பல்ல என்பதை எமது நாடு கண்ட ஒரு கொள்ளைநோய் காட்டுகிறது. 1971இல் யப்பானிலும் 1972இல் அவுஸ்திரேலியாவிலும் மீன்களின் உடலில் ஆழமான சிவந்த புண்கள் தோன்றின. 1980களில் தென்கிழக்கு ஆசியா முழுவதும் அது பரவியது. 1987ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையிலும், 1988இல் வங்காளதேசத்திலும் வடகிழக்கு இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. குளத்து விரால்களும் சிறு கெண்டைகளும் புண்பட்டு மிதந்தன. மீனை உண்ணலாமா என்ற பயத்தில் பல நாடுகளில் சந்தை விழுந்தது. ஏழை மீனவர் இரு வகையில் நட்டமடைந்தனர்.

நோய்க்குக் காரணம் பங்கசைப் போன்ற ஒரு நீர்வாழ் உயிர். அதன் பெயர் அபனோமைசிஸ் இன்வடன்ஸ். அதன் வித்துகள் நீரில் நீந்திவந்து தோலில் ஒட்டி இழைகளாகத் தசைக்குள் இறங்குகின்றன. ஆனால் பழுதற்ற தோலைத் துளைப்பது அதற்கு எளிதல்ல. மழைக்குப் பின் புளிப்பு மண்ணிலிருந்து வடியும் நீரோ, வலையின் உராய்வோ, ஒட்டுண்ணியோ தோலில் காயம் செய்தால் அங்கேதான் வாசல் திறக்கிறது.

இன்னும் இரண்டு உண்மைகளைக் கவனிப்போம். முதலாவது, ஒரே குளத்தில் விரால் சாகும்போது கார்ப் மீனும் 1952ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் பிழைத்து நிற்கும். கார்ப் மீனின் உடலில் நுழைந்த இழையைத் தின்குழியங்கள் விரைந்து சூழ்ந்து மேலே போகவிடாமல் அடைத்துவிடுவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். விராலின் உடலும் போராடாமலில்லை. அதுவும் இழையைச் சுற்றிச் சுவர் கட்டுகிறது. ஆனால் இழை சுவரைத் தாண்டிப் போய்விடுகிறது.

இரண்டாவது, ஒரே விராலில் கூட வெப்பநிலை முடிவை மாற்றுகிறது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த தாய்லாந்து ஆய்வொன்றில் விரால்களுக்கு இந்நோய் செயற்கையாக ஏற்றப்பட்டது. 19 பாகை நீரில் இருந்தவற்றில் தின்குழியங்கள் மந்தமாக இயங்கின, நோய் வென்றது. 26, 31 பாகை நீரில் இருந்தவற்றில் தின்குழியங்கள் வலுவாக வந்து சேர்ந்தன. மீன் நோயை எதிர்த்து நின்றது. கிருமி அதேதான், மீனும் அதேதான். காவலின் வேகம் மட்டுமே வேறு. இந்நோய் மழைக்குப் பின் வரும் குளிர்காலத்தில் தலைதூக்குவதன் காரணமும் இதுவே. எமது மாவட்டத்தில் மார்கழி, தை மாதங்கள் அக்காலம். லக்கல, ரத்தோட்டை போன்ற மலைப்பக்கங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

அப்படியானால் திலாப்பியாவை மட்டும் வளர்ப்போம் என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். அதற்கும் தனி நோய்கள் உண்டு. திலாப்பியாவைக் கொல்லும் ஒரு வைரசு 2014ஆம் ஆண்டில் இஸ்ரேலில் இனங்காணப்பட்டுப் பின்னர் பல நாடுகளில் கண்டறியப்பட்டது. எல்லாக் கிருமிக்கும் அஞ்சாத மீன் இல்லை.

காவலாளியின் கையைக் கட்டுவது யார்?

குஞ்சுகள் எப்படி வருகின்றன என்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பொலித்தீன் பைகளில் நெருக்கி அடைத்து லொறியில் ஏற்றுவார்கள். கரடுமுரடான பாதையில் மணிக்கணக்காகக் குலுங்கி, உச்சி வெயிலில் குளக்கரைக்கு வந்து சேரும். படம் பிடிக்க எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். பையை அவிழ்த்து ஒரேயடியாகக் கொட்டுவார்கள். எத்தனை இலட்சம் விட்டோம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். மூன்றாம் நாள் கரையோரத்தில் வெள்ளை வயிறுகளைப் பார்ப்பது நாம்தான்.

நெரிசலும் குலுக்கலும் திடீர் வெப்ப மாற்றமும் மீனின் இரத்தத்தில் கோட்டிசோல் என்னும் ஓமோனைக் கூட்டுகின்றன. அது நீடித்துக் கூடியிருந்தால் வெண்குழியங்கள் தளர்கின்றன. பையின் சுவரிலும் வலையிலும் உராய்ந்து கோழையும் செதிலும் கழன்றுவிடுகின்றன. வேலியும் உடைந்து காவலாளியும் சோர்ந்துபோன நிலையில் புதிய நீரின் கிருமிகள் எல்லாம் ஒரே நாளில் அதைச் சந்திக்கின்றன. இடம்பெயர்வது என்றால் என்னவென்று எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்குஞ்சும் இடம்பெயர்ந்ததுதான். வந்த இடத்தில் முதல் சில நாட்கள் ஆதரவு கிடைத்தால் அது நிலைக்கும்.

மருந்து ஏன் உதவாது?

நுண்ணுயிர்கொல்லி மருந்து பற்றீரியாவை மட்டுமே கொல்லும். மேலே சொன்ன புண்நோயின் காரணி பற்றீரியா அல்ல. திலாப்பியாவின் வைரசும் பற்றீரியா அல்ல. இரண்டிலும் அம்மருந்து வீண்செலவு. பற்றீரியா நோயாகவே இருந்தாலும், இன்ன மருந்து, இன்ன அளவு, இத்தனை நாள் என்று சோதித்துச் சொல்ல வேண்டியவர் மிருக வைத்தியர். குறைந்த அளவில் கண்டபடி ஊற்றினால் மருந்துக்கு அடங்காத பற்றீரியாவை நாமே வளர்க்கிறோம். அது மீனோடு நிற்காது. எமது பிள்ளைகள் குளிப்பதும் அதே நீரில்தான். மருந்தின் எச்சம் தங்கிய மீனை உண்பவர்களும் நாமே.

சிறு குட்டையிலாவது சுண்ணாம்பிட்டு நீரைச் சீர்படுத்தலாம். மொரகஹகந்தவைப் போன்ற பெரும் நீர்ப்பரப்பில் எந்த மருந்தை எத்தனை மூடை கொட்டுவது? அங்கே நோய் புகுந்தபின் மனிதர் செய்யக்கூடியது மிகக் குறைவு. அங்கே மீனைக் காப்பது மீனின் சொந்தக் காவலும், நோயை உள்ளே கொண்டுவராத எமது கவனமுமே.

இக்கவனம் எமது வருமானத்துக்காக மட்டுமல்ல. நக்கிள்ஸ் மலையின் கிழக்குச் சரிவில், களுகங்கையும் அம்பன் கங்கையும் ஓடும் இதே பகுதியில், உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லாத சிறு கெண்டை இனங்கள் வாழ்கின்றன. அவற்றில் ஒன்றை 1985ஆம் ஆண்டிலும் மற்றொன்றை 1991ஆம் ஆண்டிலும்தான் அறிவியலுலகம் பெயரிட்டு அறிந்தது. சிறு கெண்டைகள் புண்நோய்க்கு எளிதில் ஆளாகும் குடும்பம். வெளியிலிருந்து நோயுற்ற குஞ்சு வந்து சேர்ந்தால் இழக்கப்போவது எமது ஒரு பருவத்து வருமானம் மட்டும் அல்ல.

எமது வேண்டுகோள்

முதலில் எமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். குஞ்சுகளைக் காலையிலோ மாலையிலோ மட்டும் விடுவோம். பையைக் கட்டியபடியே கால் மணி நேரமாவது குளத்து நீரில் மிதக்கவிட்டு, பின் அவிழ்த்து, குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சு தானாக நீந்திப் போக விடுவோம். மீனைத் தொடுமுன் கையை நனைப்போம். முரட்டு வலையைத் தவிர்ப்போம். ஒரு குளத்தில் இட்ட வலையை வெயிலில் நன்றாக உலர்த்தாமல் மறு குளத்துக்குக் கொண்டுபோக மாட்டோம். செத்த மீனைத் திரும்ப நீரில் எறியாமல் சுண்ணாம்பிட்டுப் புதைப்போம். மருந்தடிக்கும் இயந்திரத்தைக் குளத்தில் கழுவுவதை இன்றே நிறுத்துவோம். அந்நஞ்சு மீனின் செவுளையும் தோலையும் புண்ணாக்கிக் கிருமிக்கு வாசல் திறந்துவிடுகிறது.

அடுத்து, பொறுப்பிலுள்ளோரிடம் கேட்போம். 1990ஆம் ஆண்டில் அரசு நன்னீர் மீன்வளர்ப்புக்கான ஆதரவை விலக்கிக்கொண்டு 1994இல்தான் மீண்டும் தொடங்கியது. பின்னர் 1999இல் நக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உருவாயிற்று. தம்புள்ளையிலேயே அதன் மீன்குஞ்சு நிலையம் இருக்கிறது. மாவட்டத்துக்குள்ளேயே நிலையம் இருப்பது எமக்குப் பெரும் வாய்ப்பு. எத்தனை குஞ்சு விடப்பட்டது என்பதோடு, ஒரு மாதத்தின் பின் எத்தனை உயிரோடிருந்தன என்ற கணக்கையும் ஒவ்வொரு மீனவர் சங்கமும் கேட்டுப் பெற வேண்டும். குஞ்சு புறப்படுமுன் நோயில்லை என்று பார்த்து அனுப்பும்படியும், சங்கத்துக்கு இருவரையாவது குஞ்சு விடும் முறையில் பழக்கும்படியும் எழுத்தில் கேட்போம். இவை கோடிக்கணக்கில் பணம் கேட்கும் காரியங்கள் அல்ல.

மீனின் இந்த வாங்கிகளைப் பற்றித் தென்கொரியாவின் ஜேஜு தீவுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து எழுதியவர்களுள் இலங்கையர் பலர் உண்டு. அறிவு எமது நாட்டவரிடமே இருக்கிறது. அது தமிழிலும் சிங்களத்திலும் குளக்கரை வரை இறங்கி வர வேண்டும். அதைக் கேட்கும் உரிமை, நிலத்தைக் கொடுத்து நீரை ஏற்றுக்கொண்ட எமக்கு எவரையும்விட அதிகம் உண்டு.

அடுத்த மழைக்குப் பின் உங்கள் குளத்தில் புண்பட்ட மீனொன்றைக் கண்டால் கடைக்குப் போகுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். தோல் எதனால் கெட்டது? நீர் எப்படி இருக்கிறது? நெரிசல் கூடிவிட்டதா? இந்தக் குஞ்சு எங்கிருந்து, எப்படி வந்தது? பதிலைச் சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். மிருக வைத்தியருக்கும் அறிவியுங்கள். மருந்து தேவையா என்பதை அதன் பிறகு தீர்மானிப்போம்.